வதனி வைத்த மூக்குப் பரீட்சை

1

போன வெள்ளிக்கிழமை, ஷார்ஜா முவைலாவில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் சூப்பர் மார்க்கெட்டில் செக்யூரிட்டி என்னைப் பிடித்தான். செய்த குற்றம், மல்லி விதையை மோந்து பார்த்தது.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே பெரிய கடைகளில் மசாலாச் சாமான்களைத் தொட்டி தொட்டியாகத் திறந்து வைத்திருப்பார்கள். வேண்டியதை அள்ளிப் பையில் போட்டு, எடை போடுகிறவரிடம் கொடுத்து, ஸ்டிக்கர் ஒட்டி வாங்க வேண்டும். நான் அள்ளுவதில்லை. ஒவ்வொரு தொட்டிக்கு முன்னாலும் குனிவேன். மூச்சை இழுப்பேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த தொட்டிக்குப் போவேன். கடைசியில் ஒரு பாக்கெட் குப்பூஸ் ரொட்டியோடு வெளியேறுவேன். மீசை நரைத்த, சட்டையை உள்ளே விட்ட ஓர் ஆள் வாராவாரம் இதைச் செய்வதைக் கேமராவில் பார்த்தால் யாருக்குத்தான் நல்ல எண்ணம் வரும்?

“பாய், க்யா கர் ரஹே ஹோ?” என்றான். என்ன செய்கிறீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டான்.

“செக்கிங்” என்றேன்.

தப்பான பதில். எந்தக் கம்பெனி செக்கிங் என்று அடுத்த கேள்வி வந்தது. எனக்குத் தெரிந்தது கோடவுன் இந்தி. பெட்டியை இறக்கு, இங்கே வை, சீக்கிரம் வா என்பதற்கு மேல் அதில் சொற்கள் கிடையாது. அதை வைத்துக்கொண்டு, “மூக்கு இருக்கிறதா என்று பார்க்கிறேன்” என்பதை எப்படியோ சொல்லி முடித்தேன். அவன் என் மூக்கைப் பார்த்தான். அது இருந்தது. அவன் சந்தேகம் இரண்டு மடங்கானது.

எனக்கும் அவன் மேல் சந்தேகம்தான். இத்தனை வாரம் சும்மா இருந்தவன் இன்றைக்கு ஏன் கேட்கிறான்? யார் சொல்லி அனுப்பினார்கள்?

கொரோனா வருடத்தில் என்னைப் பிடித்தவற்றில் மற்ற எல்லாம் விட்டுப் போய்விட்டன. இந்தச் சந்தேகம் மட்டும் விசா எடுத்துத் தங்கிவிட்டது.

2

அந்த வருடத்தில் எங்கள் வீட்டில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

நான் சங்கரன்கோவில் பக்கத்து ஆள். துபாய் அல் குசைஸில், ஏசி உதிரிப் பாகங்கள் விற்கும் கம்பெனியின் கோடவுனில் ஸ்டோர் கீப்பர். வீடு ஷார்ஜாவில். மனைவி செல்வி. மகள் மீனு, அப்போது ஒன்பதாம் வகுப்பு. இரண்டு அறை உள்ள ஃப்ளாட்டில் ஓர் அறையை ஷேரிங்குக்குக் கொடுத்திருந்தோம். குடும்பத்தோடு இங்கே இருக்கிறவர்கள் பலரும் செய்கிற வேலைதான். பாத்ரூம் சேர்ந்த பெரிய அறை அவர்களுக்கு. சின்ன அறையும் ஹாலும் எங்களுக்கு. சமையல்கட்டு பொது. ஃப்ரிட்ஜில் மேல் தட்டுகள் எங்களுடையவை, கீழ்த் தட்டுகள் அவர்களுடையவை. முட்டை வைக்கும் இடம் மட்டும் கடைசி வரைக்கும் தகராறில் இருந்தது.

அந்த அறையில் இருந்தவர்கள் நேசனும் வதனியும். யாழ்ப்பாணத்துக்காரர்கள். நேசன் ஒரு கார்கோ ஆபீஸில் கிளார்க். பேசவே மாட்டார். இருவருக்கும் சேர்த்து வதனி பேசுவாள். கல்யாணமாகிப் பல வருடம் காத்திருந்து அப்போதுதான் அவள் வயிற்றில் ஒரு பிள்ளை. பிரசவத்துக்கு ஊருக்குப் போவதாக இருந்தாள். விமானத்தை நிறுத்திவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அவளிடம் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பிரசவ நேரத்தில் தாய்க்குத் தொற்று இருந்தால் தனி வார்டு. கணவனுக்கு அனுமதி இல்லை. பிள்ளையை எடுத்து வேறு இடத்தில் வைப்பார்கள், எப்போது கையில் கொடுப்பார்கள் என்று இப்போது சொல்ல முடியாது.

அன்றைக்குச் சாயங்காலம் வதனி ஹாலில் வந்து நின்று எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்.

“அண்ணை, அக்கா, மீனு, எல்லாரும் கேளுங்கோ. இந்த வாசலுக்குள்ளை அது வரக்கூடாது. அவ்வளவுதான். வேறை ஒண்டும் எனக்குச் சொல்லத் தெரியாது.”

3

சட்டதிட்டம் என்று எதை அறிவித்தாலும் அதற்கு ஒரு படி மேலே போய்க் கடைப்பிடித்தவன் நான். மாஸ்க் போடு என்றார்கள், இரண்டு போட்டேன். கையைக் கழுவு என்றார்கள், தக்காளியையும் சோப்புப் போட்டுக் கழுவினேன். அன்றைய ரசத்தில் நுரை வந்தது. லிஃப்ட் பட்டனை அமுக்கப் பல்குச்சி, அந்தப் பல்குச்சியைப் போட ஒரு டப்பா, அந்த டப்பாவைத் தொடக் கையுறை. இரவில் தெருக்களுக்கு மருந்தடிக்கும் நேரம் நெருங்கினால் எல்லோர் கைபேசியும் ஒரே சமயத்தில் அலறும், வீட்டுக்குள் இருங்கள் என்று. வீட்டுக்குள் சோபாவில் உட்கார்ந்திருந்த நான் அந்தச் சத்தத்துக்கு எழுந்து இன்னும் கொஞ்சம் உள்ளே போவேன்.

“ஏங்க, அது வெளிய நிக்கவங்களுக்கு,” என்பாள் செல்வி.

“இன்னும் உள்ள போனா என்ன குறைஞ்சா போயிரும்?”

“அதுக்கு மேல பீரோதான் இருக்கு. ஏறி உக்காந்துக்கிடுங்க.”

சாயங்காலம் அன்றைய தொற்று எண்ணிக்கை வரும். ஏறிக்கொண்டே போனது. அது ஏற ஏற எனக்கு ஒன்று புரிந்தது. இங்கே யாரும் சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. சரியா தப்பா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. விசாவில் இருக்கிறவனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நாங்கள் பேசியது முழுக்க மற்றவர்களைப் பற்றி. மூன்றாம் மாடிக்காரன் ஏன் இன்னும் ஏர்ப்போர்ட் டூட்டிக்குப் போகிறான்? கீழே பக்காலா என்கிற மளிகைக் கடைப் பையன் ஏன் மாஸ்க்கைத் தாடையில் மாட்டியிருக்கிறான்? தும்மியது யார், எந்தத் தளம்?

வதனியின் அக்கா கலா அப்போது அயர்லாந்தில், கார்க் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். தினமும் வதனியோடு ஸ்பீக்கரில் பேசுவார். பொதுச் சமையல்கட்டு என்பதால் எனக்கும் செய்தி வந்துவிடும். அங்கே வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்கக் கூடாது என்று சட்டம். ஜனங்கள் ரேடியோவுக்கு போன் போட்டு வாதாடுகிறார்களாம். கடற்கரை என் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறது, அங்கே தனியாக நின்றால் காற்றுக்கா தொற்றும் என்று ஒருத்தி. என் மாமியார் வீடு எல்லைக்கு வெளியே விழுந்துவிட்டது, எல்லையை மாற்றிவிடாதீர்கள் என்று ஒருத்தன். வழியில் போலீஸ் நிறுத்தினால், எங்கே போகிறேன் என்று உனக்கு ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்கிறவர்களும் உண்டாம்.

“போலீஸையேவா?” என்று என்னை அறியாமல் வெங்காயத்தோடு திரும்பிவிட்டேன்.

“ஓம் அண்ணை,” என்றது ஸ்பீக்கர். “கேட்டுப்போட்டு, கடைசியிலை வீட்டைதான் திரும்பிப் போவினம். ஆனால் கேக்காமல் போகமாட்டினம்.”

எனக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. அவர்கள் அரசாங்கத்தைச் சந்தேகப்பட்டார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லாததால் பக்கத்து அறையைச் சந்தேகப்பட்டோம்.

ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வருடா வருடம் என் அண்ணன் போன் போட்டு, எப்பம்ல வாரே, எப்பம்ல வாரே என்று உயிரை எடுப்பான். அந்த வருடமும் போட்டான்.

“ஏல, நீ இப்பம் வரலல்லா?”

“பிளேனே இல்லயே அண்ணே.”

“பிளேன் உட்டாலும் வந்துறாத. நம்ம தெருவுல மஸ்கட்ல இருந்து ஒருத்தன் வந்தாம்னு வாசல்ல தகரத்த வச்சி அடைச்சிட்டானுவ. பாலு வாங்கக்கூட வழியில்ல. ஒன் நல்லதுக்குத்தாம்ல சொல்லுதேன்.”

என் நல்லதுக்கு என்று சொன்னவன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அதையும் குறித்து வைத்துக்கொண்டேன்.

4

இப்படி இருக்கும்போதுதான் இருமல் கேட்டது.

ஒரு நாள் காலை, பெரிய அறையின் கதவுக்குப் பின்னால் இரண்டு இருமல். சின்னதாக, வாயைப் பொத்திக்கொண்டு இருமியதுபோல. சற்று நேரத்தில் வதனி சமையல்கட்டுக்குப் போய்ச் செத்தல் மிளகாயை, நம் ஊர்க் காய்ந்த மிளகாயை, வறுத்தாள். யாழ்ப்பாணத்துக்காரர்கள் கறித்தூளுக்கு எல்லாச் சாமானையும் வறுத்துத்தான் திரிப்பார்கள். நெடி வீடு முழுக்க ஏறி, ஐந்து பேரும் இருமினோம். எதிர் ஃப்ளாட் எகிப்துக்காரர் கதவைத் திறந்து, “யா அல்லா!” என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு மூடிக்கொண்டார்.

அடுத்த நாளும் வறுத்தாள். அதற்கு அடுத்த நாளும்.

ஒரு வீட்டில் எவ்வளவு மிளகாய்த் தூள் தேவைப்படும்? என் கோடவுன் மூளை கணக்குப் போட்டது. சரக்கு வெளியே போகாமல் உள்ளேயே வந்துகொண்டிருந்தால் அதில் ஏதோ கோளாறு இருக்கிறது. செல்வியைச் சின்ன அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

“செல்வி, அந்த அறையில யாருக்கோ இருமல். அத மறைக்கத்தான் மிளகா வறுக்கா. எல்லாரும் இருமினா எவன் இருமல் எதுன்னு யாருக்குத் தெரியும்?”

செல்வி என்னையே பார்த்தாள்.

“ஒங்களுக்கு எங்க இருந்துங்க இப்படியெல்லாம் தோணுது?”

“தோணுதா? நேத்து நேசன் பால்கனியில போயி தனியா நின்னாரு. எதுக்கு நிக்கணும்?”

“ஒங்க பேச்சக் கேக்க முடியாமத்தான்.”

மீனு லேப்டாப் திரைக்குப் பின்னால் இருந்து குரல் கொடுத்தாள். “அப்பா, யூ ஆர் பீயிங் வியர்ட். தே ஆர் ஜஸ்ட் குக்கிங்.” அவள் என்னோடு தமிழ் பேசி நாளாகியிருந்தது. திட்டுவதற்கு மட்டும் தமிழ் வைத்திருந்தாள், அதுவும் அன்றைக்கு ஆங்கிலமாகிவிட்டது.

நான் விடுவதாக இல்லை. ஹாலில், பெரிய அறைக் கதவு தெரிகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, வேலை முடிந்து வந்து கைபேசியைப் பார்க்கிற மாதிரி உட்காருவேன். ஒரு சாயங்காலம் சமையல்கட்டிலிருந்து வதனியும் கலாவும் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. வதனி அதுவரைக்கும் தாழ்ந்த குரலில் பேசியதே கிடையாது.

“ஒருத்தருக்கும் சந்தேகம் வரேல்லை அக்கா. தூள் இடிக்கிறன் எண்டுதான் நினைக்கினம்.”

“மிளகாய் சரிவராது வதனி. மாத்திப் பார்.”

“அண்ணைக்குத் தெரிஞ்சால் கத்துவார்.”

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று! அவர்களிடம் எதையும் கேட்கக்கூடாது, முதலில் மூடிய அறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், தெரிந்த பிறகு நேசனைத் தனியாகக் கூப்பிட்டு வேறு இடம் பார்க்கச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் இரவு முழுக்க வசனம் தயார் செய்தேன். வசனத்தில் நான் மிகவும் நியாயமாகப் பேசினேன். நேசன் கண்கலங்கி ஒப்புக்கொண்டார். வயிற்றுப் பிள்ளைக்காரியை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்கிற இடம் வந்ததும் வசனம் நின்றுவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

5

மறுநாள் காலை குளித்துவிட்டு ஹாலுக்கு வந்தேன். நெடி இல்லை. இருமல் இல்லை. மீனு ஆன்லைன் வகுப்புக்கு முன்னால் தோசை தின்றுகொண்டிருந்தாள். வதனி சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு நின்றாள். பின்னால் செல்வி. நேசன் ஆபீஸ் லேப்டாப்போடு மூலையில்.

வசனத்தை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

“அப்பாடா. இன்னைக்குத்தாம்மா வதனி, ஒன் அடுப்புக்கு லீவு.”

மீனு வாயில் போன தோசையை மெல்லாமல் என்னைப் பார்த்தாள்.

“அண்ணை,” என்றாள் வதனி மெதுவாக. “இப்ப என்ன மணக்குது?”

“என்ன மணக்கணும்?”

“அப்பா,” என்றாள் மீனு, தமிழில். “வீடு ஃபுல்லா மணக்குது. லிஃப்ட் வரைக்கும் மணக்கும்.”

அப்போதுதான் அடுப்பைப் பார்த்தேன். பெரிய இரும்புச் சட்டி. அதில் மல்லி வறுபட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துத் தட்டில் வறுத்துக் கொட்டிய சீரகம், சோம்பு, கறிவேப்பிலை. நான் மூச்சை இழுத்தேன். இன்னொரு தடவை இழுத்தேன். நாலு அடி முன்னால் போய், சட்டிக்கு மேல் குனிந்து இழுத்தேன். சூடு தெரிந்தது. வேறொன்றும் இல்லை. டிவியில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படம் மட்டும் ஓடுவதுபோல மல்லி தன்பாட்டுக்கு வறுபட்டது.

நேசன் எழுந்து வந்து வதனியின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அந்த வீட்டில் அவர் செய்த முதல் சத்தமான காரியம் அதுதான்.

அப்புறம் எல்லாம் வெளியே வந்தது. மணம் போவதுதான் சிலருக்கு முதல் அடையாளம் என்று கலா சொல்லியிருக்கிறார். காய்ச்சலும் இருமலும் இல்லாமலே சுற்றிவருகிறவர்கள் உண்டு, உன் வீட்டில் வேலைக்கு வெளியே போய் வருகிறவர் அந்த அண்ணைதான், அவரைத் தினமும் கவனி என்று சொல்லியிருக்கிறார். வதனி மிளகாயில் ஆரம்பித்திருக்கிறாள்.

“மிளகாயிலை நீங்கள் பிடிபடேல்லை அண்ணை. எங்கள் எல்லாரையும்விட நீங்கள்தான் கூட இருமினியள். அக்கா சொன்னவ, மிளகாய் காரம், அது தொண்டையிலை பிடிக்கும், மணம் வேறை, மல்லியை வறுத்துப் பார் எண்டு.”

“அப்போ ஒங்க அறையில இருமுனது?”

“எனக்கு நெஞ்செரிவு. பிள்ளைத்தாய்ச்சிக்கு வரும்.” கரண்டியை என் பக்கம் நீட்டினாள். “நீங்கள் எங்களைக் கவனிச்சுக்கொண்டு இருந்தனீங்களோ?”

“சேச்சே,” என்றேன்.

செல்வி இருமினாள். அதற்கு மிளகாய் காரணமில்லை.

6

மூக்கில் குச்சியை விட்டார்கள். எஸ்எம்எஸ் வந்தது. மற்ற நால்வருக்கும் இல்லை, எனக்கு இருந்தது. இரண்டு மாஸ்க், கையுறை, பல்குச்சி எல்லாவற்றையும் தாண்டி அது என்னைத்தான் தேடி வந்திருக்கிறது. எனக்கு முதலில் வந்தது பயம்கூட இல்லை, அவமானம். சோப்புப் போட்டுக் கழுவிய தக்காளிகளின் முகத்தில் எப்படி முழிப்பேன்?

பிறகு பயம் வந்தது. நேற்று வரைக்கும் வதனி தண்ணீர் குடிக்கிற அதே குழாயை நான் திறந்திருக்கிறேன்.

சுகாதார இலாகாவிலிருந்து ஓர் அம்மாள் போன் செய்தார். வீட்டில் யார் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஷேரிங் என்று சொன்னால் அபராதம் விழலாம். வாடகை ஒப்பந்தத்தில் என் பெயர் மட்டும்தான்.

“மை வைஃப், மை டாட்டர், மை சிஸ்டர், சிஸ்டர் ஹஸ்பண்ட்.”

“எல்லோரும் இந்தியரா?”

“நோ மேடம். சிஸ்டர், ஸ்ரீலங்கா.”

“எப்படி?”

“பிக் ஃபேமிலி, மேடம்.”

நான் அடைந்திருந்த சின்ன அறைக் கதவுக்கு அந்தப் பக்கம் வதனி சிரித்தது கேட்டது. அந்த வாரத்தில் அவள் சிரித்தது அது ஒன்றுதான்.

அந்த அம்மாள் மேற்கொண்டு தோண்டவில்லை. பாத்ரூம் சேர்ந்த தனி அறை இருந்தால் வீட்டிலேயே இருக்கலாம், இல்லாவிட்டால் வண்டி வரும், தனிமை முகாமுக்குக் கூட்டிப்போவோம் என்றார். பாத்ரூம் சேர்ந்த அறை வதனியுடையது. நான் சட்டை துணிமணியைப் பையில் அடுக்கத் தொடங்கினேன். எட்ட நின்றபடி வதனி, “என்ன செய்யிறியள்?” என்றாள்.

“முகாமுக்குப் போயிருதேம்மா. நீ இருக்க வீட்டுல நான் இருக்கக் கூடாது.”

“போவியள். போன உடனை அங்கை சாப்பாடு சரியில்லை எண்டு செல்வி அக்காவுக்குப் போன் எடுப்பியள். அக்கா சமைச்சு இவரிட்டைக் குடுத்துவிடுவா. இவர் அந்த வாசல்லை நிண்டுபோட்டுத் திரும்ப என்னட்டை வருவார். எனக்கு ஒருத்தரிலையும் நம்பிக்கை இல்லை அண்ணை. நீங்கள் என்ரை அறைக்குள்ளை போங்கோ. நான் வெளியிலை பூட்டுறன்.”

“ஒன் அறையவா? வேண்டாம்மா, நீ மாசமா இருக்கவ—”

“நான் உங்களுக்கு இரக்கப்பட்டுத் தரேல்லை. என்ரை கண்ணுக்கு முன்னாலை பூட்டிக் கிடந்தியள் எண்டால்தான் எனக்கு நித்திரை வரும்.”

அவளும் செல்வியும் மீனுவும் சின்ன அறையில். நேசன் ஹாலில். நான் அவர்கள் கட்டிலில். சாவி வதனியின் இடுப்பில்.

7

உடம்பு பெரிதாக ஒன்றும் படுத்தவில்லை. கொஞ்சம் அலுப்பு, கொஞ்சம் காய்ச்சல். ராத்திரியில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப்பை விரலில் மாட்டி எடுத்து மாட்டி எடுத்து, எண் குறைந்ததும் உயிலை மனதுக்குள் எழுதினேன். காலையில் பார்த்தால் கிளிப்பைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன்.

பிறகு ஒரு நாள் சுகாதார இலாகா சரி என்று சொல்லிவிட்டது. மறு டெஸ்ட்டில் இல்லை. நான் கதவைத் தட்டினேன்.

“அது அவையின்ரை ரெஸ்ட்,” என்றாள் வதனி வெளியே இருந்து, டெஸ்ட்டை அவள் ஊர் வழக்கில் சொல்லி. “என்ரை ரெஸ்ட் இருக்கு.”

“ஏம்மா, அரசாங்கமே விட்டாச்சு.”

“அரசாங்கத்துக்கோ பிள்ளை பிறக்கப்போகுது?”

மூக்கு திரும்ப மாதக்கணக்காகும், அதற்கும் தொற்றுக்கும் சம்பந்தமில்லை என்று கலாவே போனில் சொல்லிப் பார்த்தார். “உன்னை இஞ்சை கார்க்கிலை விட்டால் சனம் ரேடியோவுக்குப் போன் எடுத்து உனக்கெதிராக் கதைக்கும்” என்றார். எடுபடவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் அடுப்பிலிருந்து எனக்கு போன் வரும். “அண்ணை, இண்டைக்கு என்ன?” நான் கதவிடுக்கில் மூக்கை வைத்து இழுப்பேன். ஒன்றும் வராது. தப்பாகச் சொல்வேன். போன் வைக்கப்படும். பள்ளிக்கூடத்தில்கூட நான் இத்தனை தடவை தொடர்ந்து தோற்றதில்லை.

அதனால் பள்ளிக்கூடத்தில் செய்ததையே செய்தேன். காப்பி அடித்தேன். மீனுவை உளவாளியாக நியமித்தேன். அவள் சமையல்கட்டில் எட்டிப் பார்த்து எனக்கு வாட்ஸப் அனுப்ப வேண்டும். சிக்கல் என்னவென்றால், இங்கேயே வளர்ந்த பிள்ளைக்கு எதற்கும் தமிழில் பெயர் தெரியாது. ‘சின்னதா, பிரவுன், கோடு போட்டது’ என்று வந்தது. சீரகமா, ஓமமா? ‘குட்டிப் பந்து மாதிரி, கறுப்பு’ என்று வந்தது. மிளகா, கடுகா? ராத்திரி போன் போட்டு அவளுக்குப் பாடம் நடத்தினேன். இது சோம்பு, இது வெந்தயம், வெந்தயம் மஞ்சளாக, கல் மாதிரி இருக்கும். அவளும் கேட்டுக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் விரும்பிக் கற்றுக்கொண்ட தமிழ், பரீட்சையில் ஏமாற்றுவதற்கான தமிழ்தான். எனக்கு அது போதும் என்றிருந்தது.

ஒரு நாள் செய்தி சுத்தமாக வந்தது. ‘வெந்தயம்.’ ஒரே வார்த்தை. போன் வந்தது.

“அண்ணை, இண்டைக்கு என்ன?”

இரண்டு தடவை நன்றாக இழுக்கிற சத்தம் கொடுத்தேன். “ஆங்… லேசா கசப்பா… வெந்தயம்!”

“வெந்தயம் தட்டிலை இருக்கு. அடுப்பு இன்னும் பத்தவைக்கேல்லை அண்ணை.”

போனில் மீனு விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் வந்தது. உளவாளி விலைபோய் எத்தனை நாளாயிற்றோ.

அதற்குப் பிறகு ஒரு காலை. வெயில் அடிக்க ஆரம்பித்திருந்த நேரம். கட்டிலில் படுத்திருந்த எனக்கு மூக்கில் ஏதோ குத்தியது. கோபம் வருகிற மாதிரி ஒரு வாடை. எழுந்தேன். சுவரை மோந்தேன், தலையணையை மோந்தேன், என் சட்டையை மோந்தேன். அலமாரிப் பக்கம் போகப் போக அது கூடியது. அலமாரிக் கதவு இடுக்கில் மூக்கை வைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்றைக்கு நான்தான் போன் செய்தேன்.

“வதனி! பாச்சை உருண்டை!”

அவள் கேட்பதற்குள் நானே தொடர்ந்தேன்.

“ஒன் அலமாரியில, அடியில, பாச்சை உருண்டை போட்டு எதையோ வச்சிருக்கே. நான் தெறக்கல, சத்தியமா தெறக்கல. இடுக்குல வருது.”

போனைக் காதில் வைத்தபடியே அவள் கதவருகே வரும் சத்தம் கேட்டது.

“அது பிள்ளையின்ரை சட்டையள் அண்ணை. அம்மா ஊரிலை இருந்து தைச்சு அனுப்பினவ. போன மாசம் தனிப் பெட்டியிலை வச்சனான். மீனுவுக்குத் தெரியாது. செல்வி அக்காவுக்குத் தெரியாது. இவருக்கே தெரியாது.”

சாவி பூட்டுக்குள் திரும்புகிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்துவிட்டு அவள் ஹாலின் கடைசிக்குப் போய், முகத்தில் மாஸ்க்கோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வெளியிலை வாங்கோ,” என்றாள். “அவ்வளவு சட்டையையும் இனித் திரும்பத் தோய்க்கோணும். உங்களாலை.”

8

பிள்ளை ஷார்ஜாவில் பிறந்தான். நேசன் உள்ளே இருந்தார். வதனியின் கையிலேயே பிள்ளையைக் கொடுத்தார்கள். அந்தச் செய்தி வந்த கணத்தில் நேசன் என்னிடம் போனில் நீளமாகப் பேசினார். “அண்ணை, சுகம். ரெண்டு பேரும் சுகம். ரெண்டு பேருக்கும் ஒண்டுமில்லை.” அவருக்கு அது ஒரு சொற்பொழிவு.

அந்த வருடக் கடைசியில் அயர்லாந்தில் கிறிஸ்துமஸுக்காகக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். தொற்று கிடுகிடுவென்று ஏறியது. அடைப்பு வேண்டாம் என்று ரேடியோவில் கத்தியவர்களே இப்போது, பக்கத்து வீட்டுக்காரன் ஏன் இத்தனை பேரை விருந்துக்குக் கூப்பிட்டான் என்று கத்துகிறார்கள் என்றார் கலா. எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். கடைசியில் அவர்களும் எங்கள் வழிக்கு வந்துவிட்டார்கள்.

இப்போது வதனி, நேசன், பிள்ளை மூவரும் கார்க்கில் இருக்கிறார்கள். பையன் பேசுகிற ஆங்கிலம் மீனுவுக்கே புரியாது. மீனு கல்லூரிக்குப் போய்விட்டாள், எப்போதாவது போன் செய்வாள், ஆங்கிலம்தான். ஆனால் ஹாஸ்டலில் சமைக்கும்போது சாமான் பெயரில் சந்தேகம் வந்தால் மட்டும் எனக்கு ஒரு படம் வரும். ‘அப்பா, இது ஓமமா?’ பெரிய அறைக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. நல்லவர்கள்தான் என்று செல்வி சொல்கிறாள். பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். என் கோடவுன் இந்தியில் கொரோனா, மூக்கு, போயிருச்சு, வந்துருச்சு என்று கைச்சாடையோடு சொல்லி முடித்ததும் செக்யூரிட்டி ஒரு நிமிடம் யோசித்தான். அக்கம்பக்கம் பார்த்தான். பிறகு அவனும் மல்லித் தொட்டிக்கு மேல் குனிந்து ஓர் இழுப்பு இழுத்தான். “மேரா பீ கயா தா, பாய்” என்றான். அவனுக்கும் போயிருந்ததாம். “ஆ கயா?” என்றேன். வந்துவிட்டதா? பாதி வந்திருக்கிறது என்று கையை ஆட்டிக் காட்டினான். இருவரும் சேர்ந்து சீரகம் வரைக்கும் போனோம்.

அன்று சாயங்காலம் வதனி வழக்கம்போல அழைத்தாள். எடுத்ததும் ஹலோ கிடையாது. “அண்ணை, மூக்கு இருக்கோ?” ஐந்து வருடமாக இதுதான் அவள் நலம் விசாரிக்கும் முறை. நான் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். மல்லி மணந்தது, சீரகம் மணந்தது, சோம்பு அள்ளிக்கொண்டு போனது, சாட்சிக்கு ஒரு செக்யூரிட்டிகூட இருக்கிறான்.

வதனி கடைசி வரைக்கும் கேட்டாள்.

“கடையிலை ஒவ்வொரு தொட்டியிலையும் பேர் எழுதி ஒட்டியிருப்பாங்கள்தானே அண்ணை,” என்றாள். “நீங்கள் அதை வாசிச்சுப்போட்டுச் சொல்லுறியள்.”

வரும் வெள்ளிக்கிழமை கண்ணை மூடிக்கொண்டுதான் மோந்து பார்க்க வேண்டும். கையைப் பிடித்துத் தொட்டி தொட்டியாகக் கூட்டிப்போக அந்தச் செக்யூரிட்டி சம்மதிப்பானா என்பதுதான் இப்போது என் கவலை.